மருந்து காயும் நேரம்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். இந்த வருடமும் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் எனக்குத்தான். இரண்டு பிரிவு, நூற்றுப் பத்துப் பெண்கள். மெல்லக் கற்கும் மாணவிகளுக்கான வினா விடைக் கையேட்டை ஆகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியை இப்போதே சொல்லிவிட்டார்.

போன வருடக் கையேட்டை எழுதிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். காற்றாலைக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினெட்டு வருடமாக நட்டு, போல்ட்டு டப்பாக்களுக்கு லேபிள் எழுதிய கை, அச்சுப்போல இருக்கும். நூற்றைம்பது இரண்டு மதிப்பெண் விடைகளில் ஒரே ஒரு விடையில் மட்டும் கடைசி வரியை விட்டுவிட்டார். இத்தனை கவனமான மனிதர் எப்படி விட்டார் என்று கேட்டுக்கொண்டே நான் சிவப்புப் பேனாவில் எழுதிச் சேர்த்தேன்.

இந்த வருடம் அவரிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. இடது கை இன்னும் முழுதாக உயரவில்லை. மார்ச்சில் ஸ்டோர் ஏணியின் கடைசிப் படியில் சறுக்கினார். ஓரடி உயரம்கூட இருக்காது. அதற்குத் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து காலை ஆறரைக்கு, அவர் குளித்து வந்த பிறகு, நான்தான் தைலம் தேய்த்துவிடுகிறேன். "நானே தேச்சுக்கறனுங்க டீச்சர்" என்று தினமும் ஒருமுறை சொல்வார். இரண்டாம் முறை சொல்ல மாட்டார்.

எனக்கு இது இரண்டாம் கல்யாணம், ஆகி வருகிற செப்டம்பரில் இரண்டு வருடம். இன்னும் டீச்சர்தான்.

ஜூன் 14, சனி

தாடையில் இரண்டு முடி, கருப்பாக, தடிப்பாக. பிடுங்கிவிட்டேன். நெற்றியில் பரு வேறு. நாற்பத்தைந்து வயதில் பரு.

மாதவிடாய் ஏப்ரலோடு நின்றிருக்கிறது. அந்த வயது வந்துவிட்டது போலும். அம்மாவுக்கும் சீக்கிரமே நின்றதாக ஞாபகம்.

போன வாரம் குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. குச்சி விட்டு எடுத்தால் பளபளவென்று பாக்கெட் மூலைகள், ஏழெட்டு. ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து அங்கேயே போடுகிறார். தலையில் இருக்கிற முடிக்கு இத்தனை ஷாம்பா என்று கேட்டேன். சிரித்தார். அதற்குப் பிறகு மூலைகள் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு முருங்கையில் கிடந்தது. பரு இன்னும் மூன்று.

ஜூன் 23, திங்கள்

காலை வழிபாட்டில் பாடும்போது மேல் சுரத்தில் குரல் உடைந்தது. முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வறையில் தமிழாசிரியை ஜெயந்தி விடவில்லை.

"என்ன சுகுணா, வெள்ளிக்கெழம உங்க கிளாஸ் பக்கமா வந்தேன். உள்ள யாரோ புது சார் பாடம் எடுக்கறாருன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மகள் மிதுனாவிடம் போனில் பேசினேன். "அம்மா, சளியா?" என்றாள். கோயம்புத்தூர் விடுதியில் அவளுக்குத் தேர்வு நடக்கிறது. சளிதான் என்றேன்.

ஜூன் 25, புதன்

பள்ளி முடிந்து டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனேன். மிதுனா பிறந்ததிலிருந்து எனக்குப் பார்ப்பவர். முகத்தைப் பார்த்தார், தாடையைத் தடவிப் பார்த்தார், குரலைக் கேட்டார். நான் மாதவிடாய் நிற்கிற வயது என்றேன். அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சீட்டில் நிறைய வரிகள்.

ஜூன் 28, சனி

ஆண் ஹார்மோன் என் ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருக்கிறதாம். எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, இது அதிகம். சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியிலோ கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.

பயம் ஒன்றும் இல்லை. பீரோவைச் சுத்தம் செய்தேன். மிதுனாவின் சான்றிதழ்களை ஒரே உறையில் போட்டு மேலே பெயர் எழுதினேன். சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்கு இரண்டு முறை சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். சும்மா.

அவரிடம் ஸ்கேன் என்று மட்டும் சொன்னேன். லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கட்டி என்று சொல்லவில்லை. அவர் முகம் சட்டென்று இருண்டுவிடும். அதைப் பார்க்க முடியாது.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கட்டி இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே உண்டாகவில்லை என்றால் வெளியிலிருந்துதான் வருகிறது என்றார். க்ரீம், லேகியம், ஏதாவது சாப்பிடுகிறேனா? இல்லை.

"வீட்ல யாராச்சும் ஹார்மோன் ஜெல் பூசறாங்களா? தோள்ல, புஜத்துல பூசறது. தொட்டா அடுத்தவங்க தோலுக்கும் போயிரும்."

இல்லை என்றேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்குத் தைலம் மட்டும்தான், நானே தேய்த்துவிடுகிறேன் என்றேன். சொல்லி முடித்ததும் டாக்டர் என் உள்ளங்கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வீட்டுக்காரரின் கம்பெனி வேன் வர ஆறு மணியாகும். வீட்டில் தேட அதிக நேரம் ஆகவில்லை. பரணில் கருவிப் பெட்டி. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே அவருடைய அழகான எழுத்தில் 'வாஷர் – உபரி'. உள்ளே ஜெல் அடைத்த வெள்ளிப் பாக்கெட்டுகள் ஏழேழாக ரப்பர் பேண்டு போட்டு, ஒவ்வொரு கட்டிலும் தேதி. அடியில் கோயம்புத்தூர் ஹார்மோன் டாக்டரின் சீட்டு, ஏப்ரல் மாதத்தது. எலும்பு டாக்டரைப் பார்க்கிறேன் என்று தனியாகப் போய் வந்த நாள்.

சீட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் 47 என்று ஓர் எண்ணும் மூன்று எழுத்துகளும். எக்ஸ் எக்ஸ் ஒய். இருபது வருடமாக நான் கரும்பலகையில் எழுதுகிற அதே மூன்று எழுத்து.

கிளைன்ஃபெல்டர் குறைபாடு. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ் கூடுதல். உயரமான உடல், நீண்ட கைகால், ஆண் ஹார்மோன் குறைவு, எலும்பு பலவீனம். கதவு நிலையில் குனிந்து வருகிறவரை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். ஓரடி உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவருக்கு நானே கஞ்சி வைத்துக் கொடுத்தேன். விலங்கியல் முதுகலை.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜூலை 2, புதன்

காலையில் தைலக் குப்பியை எடுக்காமல் என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் படிப்பார். முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

கட்டி இருக்குமோ என்று மூன்று நாள் இருந்தேன் என்றேன். அந்தச் சொல்லை முதல்முறையாக அவர் கேட்கிறார்.

நான் சத்தம் போடவில்லை. உடைந்த குரலில் சத்தம் போட்டால் எனக்கே யாரோ பேசுவது போல இருக்கிறது. நோயை மறைத்ததைப் பற்றிக்கூட நான் கேட்கவில்லை. தினமும் கையை நீட்டிக்கொண்டு வந்தேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டேன்.

"காஞ்சிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேனுங்க" என்றார். வேன் வந்து ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

ஜூலை 3, வியாழன்

காலையில் முனிசிபாலிட்டி வண்டிக்குக் குப்பையைக் கொடுக்கும்போது பையில் வெள்ளிப் பாக்கெட்டுகள். எல்லாம் பிரிக்காதவை. மேலே 'வாஷர் – உபரி' லேபிள் மட்டும் கிழித்துப் போட்டிருந்தது.

வண்டிக்காரம்மா அவசரப்பட்டார். கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மிதுனாவின் அறையில் படுத்துக்கொள்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது. தைலம் தேய்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறேன், சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார்.

ஜூலை 10, வியாழன்

தண்ணீர்க் கேனை மோட்டார் அறையிலிருந்து சமையலறைக்குத் தூக்கி வர இரண்டு முறை நின்றார். முன்பு நிற்க மாட்டார். டாக்டர் மெஹருன்னிசாவிடம் போனில் கேட்டேன், மருந்தை நிறுத்தினால் என்னாகும் என்று. அசதி வரும், மனம் சோரும், எலும்பு மெல்ல மெல்ல இன்னும் இளைக்கும், அடுத்த முறை இடுப்பு எலும்பாக இருக்கலாம் என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

கையேட்டு வேலையை இன்று தொடங்கலாம் என்று போன வருட மூலப் பிரதியை எடுத்தேன். மரபியல் பாடம், நாற்பத்தொன்றாவது வினா. அவர் எழுத்து:

'கிளைன்ஃபெல்டர் குறைபாடு: ஆண்களில் ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது. மொத்தக் குரோமோசோம்கள் 47.'

அதற்குக் கீழே சிவப்பில் என் எழுத்து:

'இவர்கள் மலடர்கள். பெண் சாயலும் மந்த புத்தியும் உடையவர்கள்.'

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஏதோ ஒரு பழைய குறிப்பிலிருந்து எடுத்த வரி. இருபது வருடம் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அந்த வரி வரும்போது பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். 'சைலன்ஸ்' என்பேன். அது மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் நடந்தது முழுவதும் ஞாபகம் வருகிறது. சாப்பாட்டு மேசை. அவர் பேனாவை மூடி வைத்திருந்தார். "இந்த வரிக்குத்தானுங்க ஒரு மார்க்கு, இதப் போய் விட்டுட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே அவர் கண் முன்னால் எழுதினேன். "செரிங்க டீச்சர்" என்றார். பிறகு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அறுபது பிரதி ஜெராக்ஸ் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்.

கையேட்டு வேலை ஓடவில்லை. மதியம் ரசம் மட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அவர் பின்புறத் துவைகல்லில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தத் தாளை நீட்டினேன். பார்த்தார். படிக்கவில்லை. படிக்கத் தேவை இருக்கவில்லை.

தப்பா எழுதிட்டேன் என்றேன்.

செயினைச் சுற்றிக்கொண்டே அவராகவே சொன்னார். முப்பத்தொரு வயதில் ஒரு பெண்ணுடன் நிச்சயம் ஆகியிருக்கிறது. முகத்தில் முடி சரியாக வளரவில்லை, உடம்பில் தெம்பு இல்லை என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் காட்டப் போய், பரிசோதனையில் இது தெரிந்திருக்கிறது. குழந்தை பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். மறைக்கக் கூடாது என்று பெண்ணின் அண்ணனைக் கூப்பிட்டு டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நின்றது. அது பரவாயில்லை என்றார். அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவன் இவர் இலை முன்னால் நின்று கேட்டிருக்கிறான்.

"'ஏனுங்க மாமா, இது ஆம்பளைங்க பந்திங்களே, தெரியாம உக்காந்துட்டீங்களா'ன்னான். சிரிச்சாங்க. எங்கம்மா எதிர் வரிசைல இருந்துச்சு. அதும் சாப்பிடல."

அதற்குப் பிறகு, அந்த டாக்டர் போடத் தொடங்கியிருந்த ஹார்மோன் ஊசியை நிறுத்திவிட்டார். பதினாறு வருடம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இந்த மார்ச்சில் எலும்பு முறிந்தபோதுதான் எலும்பு டாக்டர் சந்தேகப்பட்டு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்.

"உங்களுக்கு மிதுனா இருக்குது. கொழந்தைன்னு நீங்க கேக்கப் போறதில்ல. அப்பறம் எதுக்குச் சொல்லோணும்னு இருந்துட்டேன். அப்பறம் அந்தக் கையேடு."

தைலம்? என்று கேட்டேன். ஜெல் பூசின இடத்தை யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையா?

சொன்னார் என்றார். செயினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேண்டாம்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா நீங்க தேச்சுவிடறது நின்னு போயிரும்னு நெனச்சேன். அது எனக்கு... அது ஒண்ணு இருந்துச்சு காலைல."

நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அடுப்பில் பால் வைத்ததை மறந்திருந்தேன். வழிந்து அணைந்திருந்தது.

திரும்பி வந்து, மருந்தை மறுபடி தொடங்க வேண்டும் என்றேன். உங்களுக்கு ஆகாதது எனக்கு எதற்கு என்றார். இடுப்பு எலும்பு முறிந்தால் உங்களைத் தூக்க எனக்குத் தெம்பு இருக்காது, இப்போது கொஞ்சம் மீசைதான் இருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சிரித்த பிறகு சிரித்தார்.

ஜூலை 19, சனி

கோயம்புத்தூர். இரண்டு பேரும் போனோம். பேருந்தில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுக் காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். இன்றுதான் பார்த்தேன்.

ஹார்மோன் டாக்டர் இளைஞர். முதலில் என் முன்னாலேயே அவரைத் திட்டினார். பிறகு எனக்கு விளக்கினார். ஆண்களில் சுமார் அறுநூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெரியாமலே வாழ்க்கை போய்விடும். பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை. விந்தணுவோ சினைமுட்டையோ உண்டாகும்போது குரோமோசோம் பிரிவதில் நடக்கும் தற்செயல். கூடுதல் எக்ஸை எடுக்க முடியாது. உடம்பு செய்யாத ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கலாம். எலும்புக்கும் தசைக்கும் மனத்துக்கும் அது வேண்டும். வாழ்நாள் முழுவதும் வேண்டும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையோடு.

மந்த புத்தி? என்று கேட்டேன். கேட்கத்தான் வந்திருந்தேன்.

டாக்டர் சிரித்தார். சிலருக்குப் படிப்பதும் பேச்சும் சற்று மெதுவாக வரும், அறிவு எல்லோரையும் போலத்தான் என்றார். "ஸ்டோர்ல எத்தனை அயிட்டம் வெச்சிருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டார். நாலாயிரத்து இருநூறு என்றார். எந்த அலமாரியில் எது என்று தெரியுமா? "அது தெரியாமங்களா" என்றார்.

பிறகு மருந்து. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ளலாம், அதில் அடுத்தவருக்கு ஒட்டும் பயமே இல்லை. அல்லது ஜெல்லையே தொடரலாம். அளவு சீராக இருக்கும், ஆனால் ஒழுங்காகப் பூச வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், காய்ந்ததும் சட்டை போட வேண்டும், அந்த இடத்தைக் கழுவாமல் யாரும் தொடக் கூடாது. அவர் உடனே ஊசி என்றார்.

"ஜெல்லே இருக்கட்டுங்க டாக்டர்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பேருந்தில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் தனியாகப் போய் வந்துவிடுவார். இது தினமும் வீட்டில் நடக்கும். வேறு காரணம் இல்லை.

ஜூலை 21, திங்கள்

நேற்று என் படுக்கையை எங்கள் அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆடிக் காற்றில் மிதுனா அறை ஜன்னல் ஓயாமல் அடித்துக்கொள்கிறது.

காலை ஆறேகால். அவர் குளித்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தப் போனவர் நின்று, சாத்தாமல் திரும்பி வந்தார். பாக்கெட்டைக் கிழித்து, வலது தோளில், இடது தோளில், புஜத்தில். கூச்சப்பட்டார். நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காயப் பத்து நிமிடம். சும்மா இருக்க முடியாதே, பேசினோம். கம்பெனியில் கியர் பெட்டி ஒன்று காணாமல் போய்க் கிடைத்த கதை. இரண்டு வருடத்தில் இத்தனை நீளமாக அவர் ஒரு கதை சொல்லிக் கேட்டதில்லை.

மாலையில் வேனிலிருந்து இறங்கி, சோப்புப் போட்டுக் குளித்த பிறகு தைலம். "நானே தேச்சுக்கறனுங்க டீச்சர்" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

என் ரத்தத்தில் ஹார்மோன் ஏறக்குறைய சரியாகிவிட்டது. பரு போய்விட்டது. முடி மெதுவாகத்தான் போகும். குரல் முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாதாம். ஜெயந்தி இன்னும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும்.

மிதுனாவிடம் சளி இல்லை, மருந்து ஒவ்வாமை என்று சொல்லியிருக்கிறேன். மீதியை அவர் சொல்ல நினைத்தால் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மரபியல் பாடம். அந்த மூன்று எழுத்தைக் கரும்பலகையில் எழுதியபோது வழக்கம் போலப் பின்வரிசையில் சிரிப்பு. சாக்பீஸை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அறுநூறில் ஒருவர் என்றால் நம் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள், கணக்குப் போடுங்கள் என்றேன். ஆண்கள் முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டு போட்டார்கள். ஐம்பது. அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. நம் பேருந்தில் வருகிறவர்களா டீச்சர் என்று ஒருத்தி கேட்டாள். வரலாம் என்றேன். மருந்து உண்டா என்று இன்னொருத்தி. மணி அடிக்கும் வரை அதைத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

கையேட்டை இந்த முறையும் அவரே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். இன்று காலை முடித்துக் கொடுத்தார். சிவப்புப் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தார்.

நாற்பத்தொன்றாவது விடை மட்டும் ஒன்பது வரி. எலும்பு, ஹார்மோன், பரிசோதனை எல்லாம் இருந்தது. இரண்டு மார்க்குக்கு இது ரொம்ப அதிகம் என்றேன். "வேண்டாததை வெட்டிக்கங்க டீச்சர்" என்றார். பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரி: 'மருந்து காயும் வரை உடன் இருப்பவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும்.'

இதை எந்தப் பரீட்சையில் கேட்பார்கள் என்று கேட்டேன்.

"கேக்க மாட்டாங்க" என்றார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன்.